கோழி நுழையாத கோழி முகாம்

வள்ளிக்கண்ணு கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், வரிசையாக ஜீப்புகள், ஒரு குத்துவிளக்கு, இரண்டு மூட்டை சுரைக்காய் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது அவளுக்கு அன்றைக்குக் காலையில் தெரியாது.

கேள்வி இதுதான். சீக்கு வந்த கோழியை அடித்துக் குழம்பு வைக்கலாமா, கூடாதா?

வையம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய வீடு. கொல்லையில் கோழிக்கூண்டு, அதன் மேல் படர்ந்த சுரைக்கொடி. திங்கட்கிழமை காலையில் கூண்டைத் திறந்தபோது சேவல் செத்துக் கிடந்தது. மறுநாள் இன்னும் இரண்டு போயின. மிச்சமிருந்தவை தலையைத் தொங்கப்போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றன. செவலைப் பெட்டைக்குக் கொண்டை நீலம் பாரித்திருந்தது.

அவள் புருஷன் மருதைக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. தலை ஆடி விருந்துக்கு மகள் பானுப்ரியாவும் மாப்பிள்ளை சுரேஷ்குமாரும் உறையூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். சாகப்போகிற கோழியைச் சாவதற்குள் அறுத்தால் கறி, அறுக்காவிட்டால் குப்பை. ஊரே அப்படித்தான் செய்கிறது, ஊரில் யார் செத்தார்கள் என்று கேட்டான். ஆனால் டிவியில் பறவைக் காய்ச்சல் என்று ஏதோ சொன்னதை வள்ளிக்கண்ணு பார்த்திருந்தாள். மகள் முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தெரியாத்தனமாக எதையாவது ஆக்கிப்போட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் செவலையைக் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தாள். கதவு பூட்டியிருந்தது. கோழி நோய் விழிப்புணர்வு முகாமை முன்னிட்டு இன்று கோழிகள் பார்க்கப்படமாட்டா என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் இரக்கப்பட்டு விவரம் சொன்னார். டாக்டர்கள் எல்லோரும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் கூடியிருக்கிறார்கள், கோழியைப் பற்றித்தான் கூட்டம், நேரே அங்கே போனால் ஒரு கோழிக்கு நூறு டாக்டர் கிடைப்பார்கள் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பஸ் ஏறி, பஞ்சப்பூரில் இறங்கி, ஸ்ரீரங்கத்துக்கு வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் கூடையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ‘வீட்டுக்கோழி நல விழிப்புணர்வு முனைப்பு மையம்’ என்பது அந்த அலுவலகத்தின் பெயர். பேனரில் முதல் வார்த்தையின் பின்பாதியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் பெரிதாக ஒரு படம் இருந்திருக்க வேண்டும். அதன் மேலும் தாள். தாளுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களுக்குக் கீழே, ‘இதனிடம் எச்சரிக்கையாக இருப்போம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மண்டபத்து மேனேஜர் சடகோபன் கூடையைப் பார்த்ததும் ஓடிவந்தார். நெற்றி நிறைய திருமண், முகம் நிறைய சங்கடம்.

“தப்பா நெனச்சுக்காதீங்கோம்மா. கல்யாணம் நடக்கற எடம், உள்ள கோழி, முட்டை எதுவும் விடறதில்லை. இவாகிட்டயும் அட்வான்ஸ் வாங்கறச்சேயே சொன்னேன். அதனாலென்ன, எங்க ப்ரோக்ராம்ல கோழியே கிடையாதுன்னு சந்தோஷமா ஒத்துண்டா.”

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலியாகக் கிடந்தது, மையத்தின் சொந்த அரங்கிலோ இந்த முகாமுக்காகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்த ஏற்பாடு. கோழியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றுதான் சடகோபன் சொன்னார். மையத்தின் இயக்குநர் ஜெயக்குமார் ஒரு படி மேலே போய், மண்டபத்தின் புனிதம் கருதி அந்தப் பெயரையே உள்ளே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். பெயரைச் சொன்னால் தோஷம் ஒன்றுமில்லை என்று சடகோபன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சுற்றறிக்கை போய்விட்டது, இனி திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் வள்ளிக்கண்ணுவிடம் புலம்பித் தீர்த்துவிட்டு, அவர் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கூடைக்குள் இருந்த ஜீவனுக்கும் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தார்.

வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் இயக்குநரின் ஜீப் நின்றது. டிரைவர் பிச்சைமுத்து சாய்ந்து உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். தலை நரைக்கிற வரைக்கும் பல அதிகாரிகளுக்கு வண்டி ஓட்டியவர். கோழிக்கூடையோடு ஒருத்தி அதிகாரியைத் தேடி வந்தால் அது எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலிருந்து ஜனங்கள் அதிகாரியைப் பார்க்கக் கோழியோடுதான் வருகிறார்கள், கோழியில்லாமல்தான் போகிறார்கள். கூடையைக் கொஞ்சம் நிழலில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவள் கேட்டதும், “நான் பாத்துக்கறேன், நீங்க உள்ள போங்க” என்று எழுந்து கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துண்டை விலக்கிப் பார்த்தார். கோழி துவண்டுதான் கிடந்தது. பஸ்ஸில் வந்த கோழி வேறு எப்படிக் கிடக்கும்? இவ்வளவு நல்ல மனிதரா என்று வள்ளிக்கண்ணுவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் அவளுக்கு ஒரு தொப்பி மாட்டினார்கள். ஒரு பை கொடுத்து, முகாம் முடிவதற்குள் திறக்கக் கூடாது என்றார்கள். நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் ஒரு கல்லூரியின் மாணவிகள், அடுத்து காவிரிக்கரையில் காலை நடைப்பயிற்சி செய்யும் ஓய்வுபெற்றவர்கள் சங்கம், பின்னால் வேறு ஏதோ கூட்டத்துக்கு வந்து பஸ் மாறிப்போனதில் இங்கே இறக்கிவிடப்பட்ட மகளிர் குழு. கோழி வளர்ப்பவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவர்களுக்குக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்குமே என்று மையம் பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் ஜெயக்குமார் பேசினார். சால்வை போட்டுப் போட்டுத் தோள் ஒரு பக்கம் சரிந்துபோன மனிதர்.

“நமது பகுதியில் அந்தக் குறிப்பிட்ட பறவைக்கு அந்தக் குறிப்பிட்ட நோய் அறவே இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இது எப்படிச் சாத்தியமாயிற்று? சிலர் ஊர் ஊராகப் போய்த் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்காமல் என்ன செய்யும்? நாம் தேடவில்லை. அந்த நேரத்தில் விழிப்புணர்வு ஊட்டினோம். சென்ற ஆண்டு அறுபது சதவீதம் பேர் விழிப்படைந்தார்கள். இந்த ஆண்டு தொண்ணூறு. அடுத்த ஆண்டு நூறைத் தாண்டுவோம் என்று உறுதியளித்திருக்கிறேன். அந்தப் பறவை இல்லாமலேயே அந்தப் பறவையைப் பாதுகாக்க முடியும் என்பதற்கு இந்த அரங்கமே சாட்சி.”

நடைப்பயிற்சி சங்கம் கைதட்டியது.

அடுத்து செயல்விளக்கம். ரஞ்சனி என்ற இளம் டாக்டர் மேடைக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் நேற்று இரவு யாரிடமோ வாதாடித் தோற்றவள் போல இருந்தது. மேசை மேல் சுரைக்காய்கள் வரிசையாக நின்றன. உயிருள்ள பறவைக்கு அனுமதி இல்லை, பொம்மைக்கும் உருவம் இருக்கிறது என்று யாரோ ஆட்சேபித்ததால், வடிவத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற காய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். பூசணி கனம் அதிகம் என்று நிராகரிக்கப்பட்டது.

ரஞ்சனி சொன்னதெல்லாம் நல்ல விஷயம். இரவில் மட்டுமல்ல, பகலிலும் கூண்டிலோ வலைக்குள்ளோ அடைத்து வளர்க்க வேண்டும். வாத்தோடும் கொக்கோடும் கலக்கவிடக் கூடாது. சந்தையில் வாங்கியதை நேரே பழையவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். எல்லாம் சரிதான், ஆனால் சுற்றறிக்கைப்படி கோழி என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் சுரைக்காய் என்று வந்தது. நீல மை பூசிய ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது நோயுற்ற சுரைக்காய். இதைக் குழந்தைகள் கொஞ்சக் கூடாது” என்றாள். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வள்ளிக்கண்ணு நாற்காலி நுனிக்கு வந்தாள். கோழியோடு போச்சு என்று பார்த்தால் சுரைக்காய்க்குமா வந்திருக்கிறது? கூண்டு மேலேயே கொடி படர்ந்திருக்கிறதே, அதில் ஒட்டியிருக்குமோ? ஞாயிற்றுக்கிழமை கூட்டு வைக்க அதையும் நம்ப முடியாதா? பக்கத்தில் இருந்த மகளிர் குழுப் பெண்ணிடம் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. அவள் தையல் பயிற்சி என்று நினைத்து வந்தவள்.

கை கழுவும் பயிற்சியை எல்லோரும் எழுந்து நின்று காற்றில் செய்தார்கள். சோப்பு பையில் இருக்கிறது, பையை முடிவில்தான் திறக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு பின்கட்டில் ஒரு குழி தோண்டி, முழு மரியாதையோடு, கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி ஒரு சுரைக்காயை அடக்கம் செய்தார்கள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பரிசாரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை முன்பே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இயக்குநர் இவ்வளவு எளிமையாக இருப்பதன் ரகசியம் என்ன என்று ஓய்வுபெற்றவர் ஒருவர் கேட்டு உட்கார்ந்ததும், சீட்டில்லாமல் வள்ளிக்கண்ணு எழுந்தாள்.

“ஐயா, எங்க வூட்டுல கோழி சாவுது. மிச்சம் இருக்கறதும் சீக்கா நிக்குது. அத அடிச்சுக் கொழம்பு வெக்கலாமா, கூடாதாங்க?”

அரங்கத்தில் அந்த வார்த்தை முதல்முறையாகக் கேட்டது. எல்லோரும் சடகோபனைத் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை, பரவாயில்லை என்று அவர் இரண்டு கையையும் ஆட்டினார். ரஞ்சனி மைக்கை எடுத்து வாயைத் திறப்பதற்குள் ஜெயக்குமார் அதை வாங்கிக்கொண்டார்.

“நல்ல கேள்வி. ஆனால் அம்மா, இது நோய் வருமுன் காக்கும் பிரிவு. வந்த நோயைப் பற்றிக் கேட்பதற்கு வேறு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவை இன்னும் தொடங்கவில்லை. மேலும் இங்கே நோயே இல்லை என்ற அறிக்கையை நான் நேற்றே மேலே அனுப்பிவிட்டேன். ஆகவே நேற்றிலிருந்து உங்கள் பறவைக்கு நோய் இல்லை. தைரியமாக இருங்கள்.”

நோய் இல்லை என்றால் குழம்பு வைக்கலாம் என்று அர்த்தமா என்று அவள் கேட்டாள். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பதிவு செய்யும்படி ஜெயக்குமார் உதவியாளருக்கு உத்தரவிட்டார். அதற்குள் ரஞ்சனி மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கம் வந்து, கூட்டம் முடிந்ததும் தானே கோழியைப் பார்ப்பதாகவும், அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் காதோடு சொன்னாள். கோழி எங்கே என்று கேட்டாள். வெளியே டிரைவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்றாள் வள்ளிக்கண்ணு.

கடைசியில் பரிசு. பாதுகாப்பாக வளர்ப்பதில் சிறந்தவர் என்ற கேடயத்தை அரங்கத்தில் உண்மையிலேயே வளர்க்கும் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்று விதி இருந்தது. விசாரித்துப் பார்த்ததில் வள்ளிக்கண்ணு ஒருத்திதான் தேறினாள். செத்துப்போன கோழிகள் கணக்கில் சேராது, ஏனென்றால் அவை அறிக்கைக்கு முன்னால் செத்தவை. கேடயத்தின் உச்சியில் இருந்த பித்தளைச் சேவலைச் செய்தித்தாளில் சுற்றியே கொடுத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பொதுமக்களுக்கு மண்டபத்தில் சாம்பார் சாதம். அதிகாரிகளுக்கு முக்கொம்பில் ஒரு விருந்தினர் மாளிகையில் ஏற்பாடு. ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பிப் போயின. ரஞ்சனி சுரைக்காய்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு வள்ளிக்கண்ணுவோடு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் கூடை மட்டும் கிடந்தது. உள்ளே துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கூட்டம் நடக்கும்போதே பிச்சைமுத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒருமுறை முக்கொம்புக்குப் போய்த் திரும்பியதாக வாசலில் பூ விற்றவள் சொன்னாள். ரஞ்சனி உடனே போனைப் போட்டாள். இயக்குநர் சாப்பிடும்போது போன் எடுப்பதில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்து இருவரும் காவிரிக்கரையோடு போனார்கள். ஆற்றில் ஆடித் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும் நிலையில் இருவரும் இல்லை. பஸ்ஸில் கோழியைக் கொண்டுவந்திருக்கக் கூடாது, போனில் சொல்லியிருந்தால் தானே வந்திருப்பேன் என்று ரஞ்சனி கடிந்துகொண்டாள். யார் நம்பருக்குப் போன் செய்வது என்று வள்ளிக்கண்ணு திருப்பிக் கேட்டாள்.

மாளிகையில் வாழை இலைகள் முடியும் தறுவாயில் இருந்தன. ஜெயக்குமார் ஒரு எலும்பைக் கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார். கேடயத்தோடு நிற்கும் வள்ளிக்கண்ணுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மண்டபத்துக்கு வெளியே அவர் தாராளமாகவே அந்த வார்த்தையைச் சொன்னார்.

“வாங்கம்மா, உக்காருங்க. கோழின்னா உங்க ஊர்க் கோழிதான். என்னா ருசி! இதெல்லாம் எதுக்கு சிரமப்பட்டு, பஸ்ல தூக்கிக்கிட்டு.”

வள்ளிக்கண்ணு இலையைப் பார்த்தாள், பிச்சைமுத்துவைப் பார்த்தாள்.

“நான் விருந்துக்குக் கொண்டாரலீங்க. அந்தக் கோழிக்குத்தான் சீக்கு. அத ஒங்ககிட்ட காட்டத்தான் கொண்டாந்தேன்.”

இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மடிந்தன. ஒருவர் தோட்டத்துப் பக்கம் ஓடினார். ஜெயக்குமார் எலும்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ரஞ்சனியிடம் கேட்டார். “டாக்டர், சீக்குக் கோழியச் சாப்பிடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“அது வேற பிரிவு சார்,” என்றாள் ரஞ்சனி.

அவளுக்கே மனசு கேட்கவில்லை. உடனே சொல்லிவிட்டாள். கூடாது. சீக்கான கோழியை அறுக்கவே கூடாது, சமைக்கவும் கூடாது. பறவைக் காய்ச்சல்தானா என்பது சோதித்தால்தான் தெரியும். அதுதான் என்றால், நன்றாக வெந்ததைத் தின்றவரைவிட, அதைக் கையில் பிடித்து, அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுத்தவருக்குத்தான் முதல் ஆபத்து. ஜெயக்குமாருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

பிச்சைமுத்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. வள்ளிக்கண்ணுவுக்குத்தான் பொறுக்கவில்லை. சோப்பு, சோப்பு என்று தேடினாள். முகாம் பை நினைவுக்கு வந்து அவசரமாகப் பிரித்தாள். உள்ளே சோப்பின் அவசியம் என்ற தலைப்பில் ஒரு கையேடு இருந்தது. கடைசியில் சமையற்காரரின் துணி சோப்பை வாங்கி, குழாயடியில் டிரைவரோடு நின்று முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்கள், இருவரும். “இருக்காதுங்க, ஒண்ணும் ஆகாது” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தனக்குச் சொன்னாளா அவருக்குச் சொன்னாளா தெரியாது.

அதற்குப் பிறகு அரசாங்கம் ஓடிய ஓட்டத்தை வையம்பட்டிப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு ஊர்க் கோழிகள் செத்தால் அசையாத கோப்பு, ஒரு இயக்குநரின் வயிற்றுக்குள் கோழி போனதும் பறந்தது. இறகும் குடலும் சீல் வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்குப் போயின. பிச்சைமுத்துவையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ரஞ்சனி நின்றதால் அவருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைத்தது. மறுநாளே கிராமத்துக்கு வெள்ளை உடையில் ஆட்கள் வந்தார்கள். செத்தவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்போடு புதைத்தார்கள், கூண்டைக் கழுவினார்கள். தெருவில் வீடு வீடாகப் போய், சுரைக்காய் இல்லாமல், நேராகக் கோழி என்றே சொல்லி, ரஞ்சனி எல்லாவற்றையும் விளக்கினாள். தன் போன் நம்பரைக் கூண்டுக் கதவில் கரியால் எழுதிவிட்டுப் போனாள். முடிவு தெரிகிற வரை வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம், முக்கியமாக மகள் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். விருந்து தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மருதை தனியாக இலை முன்னால் உட்கார்ந்தான். வள்ளிக்கண்ணு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சுரைக்காய்க் கூட்டும் வைத்தாள். சுரைக்காய்க்கு ஒன்றும் வராது என்று ரஞ்சனியிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பறித்திருந்தாள். மருதைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார், மிச்சமிருந்த கோழிகளையாவது அன்றைக்கே அறுத்திருக்கலாம், ஊர் உலகத்தில் இல்லாத பயம் என்று முணுமுணுத்தான். மாடத்தில் செய்தித்தாள் பிரிக்காத கேடயம் இருந்தது.

“அவ்வளவு தூரம் போனியே, கொழம்பு வெக்கக் கூடாதுன்னு அந்த ஆபீசரு வாயால சொன்னாரா?”

“சொல்லல.”

“பொறவு?”

“நம்ம செவலைய அவரே தின்னுட்டாரு. இப்ப அவரு ஒரு ரூம்புல தனியா கெடக்கறாரு, அவரு தட்டு டம்ளரு வெளிய தனியா கெடக்குது. பொண்டாட்டி புள்ளைங்க கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போறாங்களாம்.”

மருதை சோற்றிலிருந்து கையை எடுத்தான். பிறகு இலையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினான்.

“சொரக்கா இன்னுங் கொஞ்சம் வையி” என்றான்.